பேட்டரி தீர்ந்த பாமிலிருந்து ஒரு வீட்டுக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

போன தை மாதம் எங்கள் அத்தான் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே அவருடைய பழைய பாம் (Palm) 3. சட்டைப் பையில் அடங்குகிற கையடக்கக் கணினி. "மாப்ளே, சிங்கப்பூர்ல இருந்தப்போ எல்லாத்தையும் இதிலதான் எழுதி வச்சேன். ஊர்ல வீடு கட்டுன கணக்கு பூராவும் இதுக்குள்ளதான் இருக்கு. எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டார்.

பேட்டரி மூடியைத் திறந்தேன். இரண்டு சிறிய பேட்டரிகளும் கசிந்து, தகடுகளில் வெள்ளையாகப் பூத்திருந்தன. பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் சுத்தம் செய்து, காயவிட்டுப் புது பேட்டரி போட்டேன். திரை உயிர் பெற்றது. அத்தான் முகம் மலர்ந்தது. ஆனால் அந்தத் திரை கேட்டதோ, "இந்தப் புள்ளியைத் தொடுங்கள்" என்று. புதிதாக வாங்கியவரிடம் கேட்கிற கேள்வி அது. முகவரிகள் இல்லை, குறிப்புகள் இல்லை, கணக்கும் இல்லை.

ஏன் இப்படி ஆனது என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். இது தெரிந்தால், அலமாரியில் கிடக்கும் உங்கள் கருவியிலிருந்து எதை மீட்கலாம், எங்கே தேடலாம் என்பதும் தெரிந்துவிடும்.

பாம் வரிசையின் முதல் கருவி 1996-இல் பைலட் என்ற பெயரில் வந்தது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி செய்வதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்து அதில் எழுதுவதுபோலப் பழகிப் பார்ப்பார். தேவையில்லாத எதையும் உள்ளே விடவில்லை. முதல் பைலட்டின் நினைவகம் வெறும் 128 கிலோபைட். 1998-இல் வந்த பாம் 3-இல் அது 2 மெகாபைட். கைப்பேசியில் நாம் எடுக்கிற ஒரு புகைப்படம்கூட இன்று பெரும்பாலும் அதற்குள் அடங்காது. அத்தான் தன் ஐந்து வருட வாழ்க்கையையே அதற்குள் வைத்திருந்தார்.

நம் மேசைக் கணினியில் வட்டு தனி, நினைவகம் தனி. மின்சாரம் போனாலும் வட்டில் உள்ளது தங்கும். பாமில் வட்டே கிடையாது. ஒரே நினைவகத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. சின்னப் பகுதி சிலேட்டு மாதிரி: கணக்குப் போட்டு உடனே அழிப்பதற்கு. பெரிய பகுதி நோட்டு மாதிரி: குறிப்புகளும் மென்பொருள்களும் அங்கேதான். மென்பொருளை வேறிடத்துக்கு நகலெடுக்காமல் இருந்த இடத்திலேயே ஓட்டும். குறிப்பையும் இருந்த இடத்திலேயே திருத்தும். அதனால்தான் பொத்தானைத் தொட்டதும் நாட்காட்டி வந்து நிற்கும். எந்த மென்பொருளாவது தவறி நோட்டின் மேல் கிறுக்கிவிடாதபடி, கருவியை நடத்தும் அடிப்படை மென்பொருளான இயங்குதளம் வழியாக மட்டுமே அங்கே எழுதலாம் என்ற காவலும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

ஆனால் சிலேட்டும் நோட்டும் பேட்டரியை நம்பித்தான் உயிரோடு இருக்கின்றன. பேட்டரி மாற்றும்போது, கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்துவைத்திருக்கும் ஒரு மின்தேக்கி ஒரு நிமிடம்போலத் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் பேட்டரி இல்லாமல் கிடந்தால் எல்லாம் போய்விடும். இயங்குதளமும், அதோடு வந்த நாட்காட்டி, முகவரி, குறிப்பேடு போன்றவையும் மட்டும் வேறொரு சிப்பில் இருப்பதால் தப்பிக்கும். உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் ஏடுகளாகத் தப்பிக்கும்.

அப்படியானால் கணக்கு எங்கே? "இதை அப்போ கம்ப்யூட்டர்ல செருகுவீங்களா அத்தான்?" என்று கேட்டேன். வாரம் ஒரு தடவை, கணினியோடு இணைத்த தாங்கியில் கருவியை வைத்துப் பொத்தானை அழுத்துவாராம். கருவியில் உள்ளதைக் கணினியிலும் நகலெடுத்து வைக்கிற ஹாட்சிங்க் என்ற அந்த ஒரு பொத்தான்தான் காப்பாற்றியது. அவருடைய பழைய கணினி பரணில் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. காலியான பாமை ஆசையில் உடனே பழைய கணினியோடு இணைத்துவிடாதீர்கள். 'கருவியில் இருப்பதைக் கணினியில் எழுது' என்று அமைப்பு இருந்துவிட்டால், கருவியின் வெறுமை கணினிக்கும் போய்விடும். முதலில் பாமின் கோப்புறை முழுவதையும் வேறொரு வட்டில் நகலெடுங்கள். மீதி வேலையெல்லாம் நகலில்தான்.

குறிப்புகள் சுலபமாகக் கிடைத்தன. தமிழ் எழுத வழியில்லாத கருவி அது. ஆங்கில எழுத்தில், அதுவும் ஒரே கோட்டில் இழுக்கிற கிராஃபிட்டி எழுத்தில், தமிழை எழுதியிருந்தார் அத்தான். 'கொத்தனார்' என்ற சொல்லே நான்கு விதமாக இருந்தது.

வீட்டுக் கணக்கு மட்டும் வேறொரு மென்பொருளில் இருந்தது. அது காப்புக் கோப்புறையில் ஒரு தரவுக் கோப்பாகக் கிடந்தது. அதை ஒவ்வொரு பைட்டாகப் பிரித்துப் பார்த்தேன். முதல் 32 பைட்டில் தரவுத்தளத்தின் பெயர். தேதிகள், 1904 ஜனவரி 1-இலிருந்து எண்ணிய விநாடிகளாக. தலைப்பகுதி மொத்தம் 78 பைட். அதற்கடுத்து ஒவ்வொரு பதிவும் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை, பதிவுக்கு 8 பைட் வீதம். தலைப்பகுதிக்குள்ளேயே நான்கு எழுத்தில் ஒரு குறியீடு. எந்த மென்பொருள் இந்தத் தரவுக்கு உரியது என்று சொல்வது அதுதான், வீட்டுப் பெயர் மாதிரி. அதே நான்கு எழுத்தைக் கோப்புறை முழுக்கத் தேடினேன். மென்பொருளும் பக்கத்திலேயே இருந்தது.

அப்புறம் இரண்டையும் பாமில் ஏற்ற வேண்டும். பாம் 3-இன் தாங்கி, பழைய கணினிகளில் இருந்த ஒன்பது ஊசி சீரியல் போர்ட் என்ற இணைப்புக்கானது. இன்றைய மடிக்கணினியில் அது இல்லாததால் யூஎஸ்பி மாற்றி ஒன்று வாங்கினேன். லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்கென்றே பைலட்-லிங்க் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் வழியாக இரண்டு கோப்புகளையும் அனுப்பினேன். கையோடு, கருவியின் சிப்பில் உள்ள இயங்குதளத்தையும் ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டேன். அது இருந்தால், நாளைக்குக் கருவியே உடைந்தாலும், கணினிக்குள் பாம் மாதிரியே நடிக்கிற எமுலேட்டர் மென்பொருளில் இந்தக் கணக்கைத் திறக்கலாம். கருவி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது: 2022-இல் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகம் நூற்றுக்கணக்கான பாம் மென்பொருள்களைப் பிரவுசரிலேயே ஓடும்படி வைத்தது.

அத்தான் திரையில் எழுதுகிற குச்சியை எடுத்து, பட்டியலை மெல்ல மெல்லக் கீழே தள்ளினார். செங்கல், ஆற்று மணல், கம்பி, கூலி. ஒரு வரியில் நின்று, "இது உங்க அக்கா வளையல் அடகு வச்ச பணம். மீட்டாச்சுன்னு எழுதினேனே, அது எங்க?" என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். அதுவும் இருந்தது.

புறப்படும்போது அவர் கையில் இரண்டு புது பேட்டரி கொடுத்தேன். பழையது முழுக்கத் தீரும்வரை காத்திருக்காமல், ஒரு நிமிடத்துக்குள் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.