கறிக்கூடைக்குள் ஒரு நாட்டுமருந்துக் கடை

நேயர்களுக்கு வணக்கம். பாங்காக்கில் நான்கு ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவள் என்ற ஒரே தகுதியில் என்னை இங்கே பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கோயில், கடற்கரை, மசாஜ் பற்றியெல்லாம் சொல்லப் போய்வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போனவள். அந்தக் கதைதான் எனக்குத் தெரியும்.

அங்கே அன்றாடச் சந்தையைத் 'தலாத் சோத்' என்பார்கள். தலாத் என்றால் சந்தை, சோத் என்றால் பச்சையாக, புதிதாக இருப்பது. நான் வழக்கமாகப் போனது ராமா நான்காம் சாலையில் இருக்கும் க்லோங் தோய் சந்தைக்கு. தரை எப்போதும் ஈரம். நல்ல செருப்பு போட்டுக்கொண்டு போனால் அது உங்கள் தலையெழுத்து. சத்துச்சாக் வார இறுதிச் சந்தைக்கு எதிரே ஓர் தோர் கோர் என்று இன்னொன்று உண்டு. பழங்களை நகைக்கடை மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள், விலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். தண்டவாளத்தின் மேலேயே கடை போட்டு, ரயில் வந்தால் கூடாரத் துணியைச் சுருட்டிக்கொள்ளும் மேக்லோங் சந்தையை நீங்கள் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அங்கே இப்போது வாங்குகிறவர்களைவிடப் படம் எடுப்பவர்கள்தான் அதிகம்.

முதல் நாளே ஏமாந்தேன். யாரும் ஏமாற்றவில்லை, நானாகத்தான். காய்ந்த இறால் குவியலில் அட்டை செருகி 60 என்று போட்டிருந்தது. அறுபது பாட்தானே என்று ஒரு விரலைக் காட்டி, 'கிலோ' என்றேன். அந்த அம்மாள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அள்ளி நிறுத்தார். அறுநூறு பாட். அங்கே சின்னச் சாமான்களுக்கு 'கீட்' கணக்கு. ஒரு கீட் என்றால் நூறு கிராம். எண்ணைப் படித்த எனக்கு, பக்கத்தில் இருந்த எழுத்தைப் படிக்கத் தெரியவில்லை. அந்த இறால் எங்கள் வீட்டில் ஆறு மாதம் ஓடியது.

அப்புறம் மெல்லப் பழகிக்கொண்டேன். கடைக்காரரை முறை வைத்துத்தான் கூப்பிடவேண்டும், நம் ஊர் போலவே. அம்மாவைவிட மூத்தவர் என்றால் 'பா', பெரியம்மா மாதிரி. அக்கா, அண்ணனுக்கும் ஒரு சொல் உண்டு. ஆனால் அதைத் தமிழ் வானொலியில் சொல்ல முடியாது, நிகழ்ச்சித் தயாரிப்பாளர் என்னைத் திட்டுவார்.

சரி, காய்கறிக்கு வருகிறேன். முதல் வாரம் எல்லாமே புதிதாகத் தெரிந்தது. இரண்டாம் வாரம் ஒரு தட்டில் பச்சைப் பச்சையாகக் கொத்து. எடுத்து முகர்ந்து பார்த்தால் சுண்டைக்காய்! அங்கே அதன் பெயர் மக்குவா புவாங். நாம் மோரில் ஊறவைத்து வெயிலில் காயப்போட்டு வத்தலாக்குகிற அதே காயை, அவர்கள் பச்சையாகவே தேங்காய்ப் பால் குழம்பில் போட்டுவிடுகிறார்கள். உலகமெல்லாம் உணவகங்களில் விற்கிற தாய் பச்சைக் குழம்பில் பட்டாணி போல உருண்டுகொண்டிருப்பது அதுதான். கடித்தால் லேசான கசப்பு தெரியும்.

அதற்கப்புறம் கண் திறந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று அகத்திப்பூ, கட்டுக் கட்டாக. நம்மில் பலருக்கு அகத்தி என்றால் துவாதசிக்கும் பசுமாட்டுக்கும்தான் ஞாபகம் வரும். அங்கே பூவைப் புளிக்குழம்பில் போடுகிறார்கள். முருங்கைக்காயும் அதே குழம்பில் போகும். கண்ணாடிக் குடுவையில் கரும்பச்சையாக ஏதோ பானம் இருந்தது, வாங்கிக் குடித்தால் வல்லாரைச் சாறு, சர்க்கரை போட்டு. பக்கத்துக் குடுவையில் நீலம். அது சங்குப்பூ. எலுமிச்சை பிழிந்தால் கண்ணெதிரே ஊதாவாக மாறும். குழந்தைகளுக்குப் புருவம் அடர்த்தியாக வளர இந்தப் பூவைத் தேய்ப்பார்களாம். இஞ்சிக்குப் பக்கத்தில் அதன் தடித்த அண்ணன் மாதிரி ஒரு கிழங்கு, பெயர் 'கா'. நம் ஊரில் அது பேரரத்தை. சளி பிடித்தால்தான் நமக்கு அதன் நினைப்பு வரும். அங்கே அதைச் சீவிச் சீவித் தேங்காய்ப் பாலில் கொதிக்கவிட்டுக் கோழி சூப் வைக்கிறார்கள்.

குளிர்காலம் வந்தது. நம் கணக்கில் அது குளிரே இல்லை. ஒரு பெரியம்மா கடையில் வேப்பம்பூ வந்திருந்தது. மொட்டும் துளிருமாக, கீரைக்கட்டு போல வாழைநாரில் கட்டி வைத்திருந்தார். நாம் வருஷப்பிறப்பன்று ஒரு சிட்டிகை போட்டுப் பச்சடி செய்கிறோம், மிஞ்சினால் ஒரு ரசம். அங்கே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு கட்டு. வெந்நீரில் போட்டு எடுத்து, புளி, பனைவெல்லம், மீன்சாறு சேர்த்துக் காய்ச்சிய இனிப்புக் குழம்பில் தொட்டு, சுட்ட கெளுத்தி மீனோடு சாப்பிடுகிறார்கள். அவர்கள் மரம் நம் வேம்பின் இன்னொரு வகை, கசப்பு கொஞ்சம் குறைவு. ஆனாலும் கசப்பு கசப்புதான். முதல் கவளத்தில் என் கணவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். நான்காவது கவளத்தில் கெளுத்தியை விட்டுவிட்டு வேப்பம்பூவைத் தேடினார்.

மிளகாய்க் கடையில் இன்னொரு ஆச்சரியம். மிளகாய்க்கு 'ப்ரிக்' என்று பெயர். மிளகுக்கு 'ப்ரிக் தாய்', அதாவது தாய்லாந்து நாட்டு ப்ரிக். கதை நமக்குத் தெரிந்ததுதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர்கள் வழியாக மிளகாய் வந்தபோது, மிளகின் பெயரை அதற்கும் ஒட்டவைத்தோம். நாம் மிளகோடு காயைச் சேர்த்தோம். அவர்களோ பெயரை மொத்தமாக வந்தவனுக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரனுக்கு ஊர்ப்பெயரைச் சேர்த்து அடையாளம் சொல்கிறார்கள். பச்சை மிளகு கொத்தோடு விற்கும், வாணலியில் காம்போடு போட்டு வதக்குவார்கள். ஏலம், கிராம்பு வகையறாவுக்கு 'க்ருவாங் தேத்' என்று பெயர். தேத் என்பது நம் தேசம்தான், வேற்று தேசத்துச் சரக்கு என்று பொருள். அந்த வரிசையில் 'போங் கரீ' என்று ஒரு மஞ்சள் நிறப் பொடி. போங் என்றால் பொடி. கரீ நம்முடைய கறி, எங்கெங்கோ சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது.

நான் நாகப்பட்டினத்துக்காரி, மீன் பக்கம் போகாமல் இருக்க முடியுமா? 'ப்லா தூ' என்று ஒரு மீன். நம் காணாங்கெளுத்தியின் பங்காளி, கொஞ்சம் குட்டை, வயிறு அகலம். அவித்து, வட்டமான சின்ன மூங்கில் கூடையில் இரண்டு மூன்றாக வைத்து விற்பார்கள். மீனின் நீளம் கூடைக்கு அடங்காது. அதனால் கழுத்தை மடக்கித் தலையைக் கீழே திருப்பி விடுவார்கள். வரிசையாக அடுக்கிய கூடைகளில் எல்லா மீனும் ஏதோ தப்புச் செய்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கிற மாதிரி இருக்கும். மேக்லோங் மீன் என்றால் 'முகம் வளைந்து கழுத்து ஒடிந்தது' என்றே ஒரு வழக்கு உண்டு. பொரித்து, கபி என்கிற இறால் விழுதை மிளகாயோடு இடித்த துவையலுடன் சாப்பிடவேண்டும். டுரியானை விட்டுவிடுகிறேன். அதைப் பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது, அதன் வாசனையும் தானாகவே பேசும்.

எனக்கு மிகவும் பிடித்தது மசாலா விழுதுக் கடைதான். அகன்ற பாத்திரங்களில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக விழுது, கோபுரம் மாதிரி குவித்து வழவழவென்று தடவி வைத்திருப்பார்கள். எத்தனை பேருக்கு, என்ன கறி என்று கேட்டுவிட்டு, அதற்குத் தக்கபடி அள்ளி, மக்ரூட் எலுமிச்சை இலை நாலு, மிளகாய் இரண்டு, ஒரு பிடி சுண்டைக்காய் எல்லாம் கூடவே போட்டுத் தருவார்கள். அடுத்த கடையில் இயந்திரத்தில் தேங்காய் துருவிப் பிழிவார்கள். முதல் பாலுக்கு 'தலை', இரண்டாம் பாலுக்கு 'வால்' என்று அவர்கள் பாஷையில் பெயர். இரண்டும் தனித்தனிப் பையில் வரும். வீட்டுக்குப் போனால் அரைமணி நேரத்தில் குழம்பு. அம்மிக்கும் மிக்சிக்கும் வேலையில்லை.

சமைத்த குழம்பும் பையில்தான். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, காற்றோடு உப்பலாகப் பிடித்து, ரப்பர் பேண்டை ஒரு சுழற்று, முடிந்தது. கட்ட இரண்டு நொடி ஆகாது. அவிழ்க்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஒருநாள் பொறுமை போய்க் கத்தரிக்கோலால் வெட்டினேன். சிவப்புக் குழம்பு முழுவதும் புதிதாக வாங்கிய மேசை விரிப்பில். பிறகு எங்கள் அடுக்ககக் காவலாளிதான் காட்டிக்கொடுத்தார், அந்தச் சுற்றில் ஒரு சின்ன நுனி நீட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிடித்து இழுத்தால் போதும்.

ஏப்ரலில் அவர்களுக்கும் வருஷப்பிறப்பு, நம் சித்திரை பிறக்கிற அதே நாட்களில். அந்தப் புழுக்கத்தில் மல்லிகை மொட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு வாசமேற்றி, அந்தத் தண்ணீரைச் சோற்றில் ஊற்றிக் குளிரக் குளிரச் சாப்பிடுவார்கள். மல்லிகைக்கு அவர்கள் பெயர் 'மலி'. பூக்காரி தொடுக்காத உதிரி மொட்டைத் தந்தார். பழக்கதோஷத்தில் கை தலைக்குப் போனது. பக்கத்தில் நின்ற பெண், அது சாப்பாட்டுக்கு என்று சைகை காட்டிச் சிரித்தாள்.

நாலு வருஷமும் அந்தச் சந்தையில் நான் தேடிக் கிடைக்காத பொருள் ஒன்று உண்டு, பெருங்காயம். ரசம் வைக்க வேண்டாமா? கடைசியில் ஒரு மருந்துக் கடையில்தான் கிடைத்தது, சின்னப் புட்டியில், திரவமாக. பெயர் 'மஹாஹிங்'. பிள்ளைகளுக்கு வயிறு உப்பினால் தொப்புளைச் சுற்றித் தடவுவதாம். எங்கள் பாட்டியும் தடவுவார்தான். சமையலுக்கு என்று நான் சொன்னதும், அந்த மருந்துக் கடைப் பெண் புட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, குழந்தைக்கு எத்தனை மாதம் என்று மறுபடியும் கேட்டாள்.