பம்ப் கத்துதுன்னா யாரைத் திட்டணும்?

எல்லாருக்கும் வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் பத்தி ஏதாவது பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. ரேடியோவுல காரைக் காட்ட முடியாதே, அதனால காதாலயே பாதி கண்டுபிடிக்கக்கூடிய ஒரு விஷயத்த எடுத்துக்கிட்டேன். பெட்ரோல் பம்ப் சத்தம். பெட்ரோல் பங்க் இல்லீங்க, டேங்க்லேர்ந்து எஞ்சினுக்கு பெட்ரோல் அனுப்புற, கார்லயே இருக்கற பம்ப்.

முதல்ல உங்க கார்ல இருக்கறது எந்த மாதிரி பம்ப்புன்னு தெரிஞ்சிக்கணும். 1962-லேர்ந்து 1980 வரைக்கும் தயாரான எம்ஜிபி-ங்கற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார எடுத்துக்கோங்க, அதுல எஸ்யூ கம்பெனியோட எலக்ட்ரிக் பம்ப், உள்ள டயஃப்ரம்னு ஒரு வளையுற சவ்வு, அத இழுக்க ஒரு காந்தக் காயில், கரன்ட்ட விட்டு விட்டுக் குடுக்க ஒரு ஜோடி பாயிண்ட்ஸ், அவ்ளோதான். சாவி போட்டதும் படபடன்னு டிக் டிக் அடிச்சு, கார்புரேட்டர்ல பெட்ரோல் தேங்குற ஃப்ளோட் சேம்பர் நிறைஞ்சதும் அடங்கிடும், அப்புறம் வண்டி ஐடில்ல நிக்கும்போது எப்பவாவது ஒரு டிக். இந்த சத்தம் கேக்கலன்னாதான் கவலைப்படணும். நிக்காம படபடன்னு அடிச்சிட்டே இருந்தா டேங்க் காலி, இல்ல உறிஞ்சுற பக்கம் எங்கயோ காத்து இழுக்குது. எஞ்சின ஆஃப் பண்ணி சாவிய மட்டும் போட்டு வச்சிருக்கும்போதும் விட்டு விட்டு அடிச்சா பம்ப்புக்குள்ள வால்வு பிடிக்கல, இல்ல பெட்ரோல் எங்கயோ ஒழுகுது, அதனால மூக்கையும் கொஞ்சம் வேலைக்கு விடுங்க.

இன்னொரு வகை, சுத்துற பம்ப். 1970கள்ல போர்ஷே 911-ல வந்த போஷ் கே-ஜெட்ரானிக் (கார்புரேட்டர் இல்லாம பெட்ரோல பீச்சி அடிக்கிற அமைப்பு) மாதிரி இன்ஜெக்‌ஷன் வண்டிகள்ல இதுதான், கிட்டத்தட்ட 5 பார் பிரஷர்ல ஓடும் (ஒரு பார்னா ஏறக்குறைய நம்மள சுத்தி இருக்கற காத்தோட அழுத்தம்). லேசா 'ம்ம்ம்'னு ஒரு ரீங்காரம் இருக்கும், அது பரவால்ல. அதுவே ஊளை மாதிரி ஏறி, நடுவுல கரகரன்னு ஜல்லி அரைக்கிற மாதிரி வந்தா விஷயம் இருக்கு. (பெட்ரோல் அந்த மோட்டருக்கு உள்ளயே புகுந்துதான் போகும், அதுதான் அதுக்கு கூலன்ட்டு, அதுதான் ஆயிலும். தீப்பிடிக்காதான்னு கேப்பாங்க, உள்ள காத்து இல்லாததால பிடிக்காது.)

இந்த பம்ப்புக்கு தள்ளுறதுன்னா அல்வா சாப்பிடுற மாதிரி, உறிஞ்சத்தான் வராது. டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவுல எங்கயாவது அடைப்பு இருந்தா உறிஞ்சுற பக்கம் பிரஷர் இறங்கும், இறங்கினா பெட்ரோல் அங்கயே கொதிச்சு குமிழியாகும், அந்தக் குமிழிங்க உள்ள போய் உடையுற சத்தம்தான் அந்த ஜல்லி சத்தம். வண்டி நல்லா சூடானப்புறமோ டேங்க் கால்வாசிக்குக் கீழ போனப்புறமோ சத்தம் கூடுதுன்னா இதைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

நான் சந்தேகப்படல. என்னோட பழைய ரெண்டு சீட் வண்டி கத்த ஆரம்பிச்சதும் நேரா புது பம்ப்ப வாங்கி மாட்டிட்டேன், ரெண்டு வாரம் அமைதியா ஓடிச்சு, மூணாவது வாரம் அதே ஊளை. திட்டினேன், பம்ப் வித்தவர திட்டினேன், மாட்டுன என்னையும் திட்டிக்கிட்டேன். அப்புறம்தான் ஒரு பழைய மெக்கானிக் சொன்னார், "டேங்க்க விட்டுட்டு தனியா ஒரு கேன்லேர்ந்து பம்ப்புக்கு பெட்ரோல் குடுத்துப் பாரு தம்பி." புது ஹோஸ் ஒண்ணு போட்டு, கேன பம்ப்ப விட கொஞ்சம் உசரமா வச்சு ஓட்டினா, சத்தம் கப்சிப். அப்போ பம்ப் மேல தப்பில்ல, டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவுலதான் கோளாறுன்னு ஒரே டெஸ்ட்ல முடிஞ்சிடுச்சு. அங்க இருந்த ரப்பர் ஹோஸ் வெளிய பாக்க புதுசு மாதிரி இருந்துச்சு, வெட்டிப் பாத்தா உள் லேயர் உரிஞ்சு நாக்கு மாதிரி தொங்குது, பம்ப் இழுக்க இழுக்க அது வழிய மூடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது, மாத்தும்போது எத்தனால் தாங்குற ஹோஸா பாத்து வாங்குங்க.

கேன் டெஸ்ட்டுக்கு முன்னாடியே சும்மா பாக்கக்கூடியது ஒண்ணு, பம்ப் கத்தும்போது பெட்ரோல் மூடியத் திறங்க. 'புஸ்'னு காத்து உள்ள போய் சத்தம் அடங்கிச்சுன்னா டேங்க்குக்குள்ள காத்து போற வழி, அதாவது வென்ட், அடைச்சிருக்கு. இல்லன்னா டேங்க் உள்ள இருக்கற வலையப் பாருங்க, அப்புறம் ஃபில்டரப் பாருங்க. துரு பிடிச்ச டேங்க்னா எத்தன ஃபில்டர் போட்டாலும் பத்தாது, டேங்க்கையே கழட்டி சுத்தம் பண்ணணும். கேன்லேர்ந்து குடுத்தும் கத்துனா மட்டும்தான் பம்ப் தேஞ்சிருச்சுன்னு நம்பலாம், அப்பவும் பம்ப்ப தாங்கிப் பிடிக்கிற மவுண்ட் ரப்பர் கல்லு மாதிரி ஆகிருக்கான்னு ஒருவாட்டி தொட்டுப் பாத்துடுங்க, ஏன்னா பம்ப் கார் பாடிய நேரா தொட்டா மொத்த காரும் மிருதங்கம் ஆயிடும்.

ஒண்ணு சொல்லிடறேன், இன்ஜெக்‌ஷன் வண்டில பம்ப் நின்னப்புறமும் லைன்ல பிரஷர் நிக்கும், துணி சுத்தி மெல்லத் தளர்த்துங்க, கழட்டுறதுக்கு முன்னாடி பேட்டரி வயர எடுத்துடுங்க, கண்ணாடி பல்பு விளக்கு பக்கத்துலயே வேணாம்.

நான் கழட்டிப் போட்ட அந்தப் பழைய பம்ப் இன்னும் அலமாரியில இருக்கு. ஒரு நாள் சும்மா கேன்ல மாட்டி ஓட்டிப் பாத்தேன், புதுச விட அமைதியா ஓடுது.