வாடகையோடு தண்ணீரையும் கூட்டுங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ராமநாதபுரத்தில் பத்திரம் எழுதும் வேலை செய்கிறேன். வாடகை ஒப்பந்தம் எழுத வருகிற வீட்டுக்காரரும் குடிவருபவரும் வாடகை, அட்வான்ஸ் இரண்டையும் முன்பே பேசி முடித்துவிட்டுத்தான் வருவார்கள். "தண்ணீர் பற்றி ஒரு வரி சேர்க்கட்டுமா?" என்று நான் கேட்டதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அப்புறம்தான் உண்மையான பேச்சே தொடங்கும்.

நம் கரையோரத்தில் பல தெருக்களில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. காவிரி கூட்டுக் குடிநீர் எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. வராத இடத்தில் தள்ளுவண்டிக் குடம்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 4 குடம், குடம் 10 ரூபாய் என்றால் மாதம் 1,200 ரூபாய். ஆக 7,200. அடுத்த தெருவில் 7,000 கேட்கும் வீட்டில் குழாயில் நல்ல தண்ணீர் வருமானால் அதுதான் மலிவு. வீடு பார்க்கப் போகும்போது எல்லோரும் ஹாலையும் கபோர்டையும் பார்க்கிறார்கள். குழாயைத் திறந்து ஒரு வாய் ஊற்றிப் பாருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கரண்ட்டும் அப்படித்தான். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மூன்று குடும்பத்துக்கு ஒரே மீட்டர், உள்ளே சப் மீட்டர் என்றால் அந்த 100 யூனிட்டை மூன்று பேரும் பங்கு போட வேண்டியதுதான். எல்லோருடைய யூனிட்டும் ஒன்றாகச் சேர்வதால் கட்டண விகிதமும் மேலே போகும். ஆகவே தனி இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

வாடகை ஏன் ஏறுகிறது? நம் பக்கத்தில் நிலத்தின் விலை செய்தியைக் கேட்டே ஏறிவிடும். 2025 தமிழக பட்ஜெட்டில் ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் பரமக்குடி–ராமநாதபுரம் நான்கு வழிச் சாலைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இந்த அறிவிப்புகளைச் சொல்லியே மனை விலையை ஏற்றுகிறார்கள். வாடகை அப்படி ஏறாது. குடியிருப்பவரின் சம்பளம் அனுமதிக்கும் அளவுக்குத்தான் அது ஏறும். 2009-இல் உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளம் வந்தது. 2022 ஜனவரியில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற, ஊர் மாற்றலாகி வருகிற குடும்பங்கள் பெருகின. பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் டபுள் பெட்ரூம் வீட்டுக்கு இவர்கள் எல்லோரும் ஒன்றாகத் தேடுகிறார்கள். நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பு குறைவு. இருப்பது பெரும்பாலும் கீழே வீட்டுக்காரர், மேலே ஒரு மாடி வீடு.

ராமேஸ்வரம் கதையே வேறு. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டதும் தீவுக்குள் மறுபடி ரயில் வருகிறது. யாத்திரிகர் கூட்டம் கூடினால் நாள் வாடகைக்கு அறை விடுவதில்தான் லாபம். ஆடி அமாவாசை, தை அமாவாசை, ஐயப்பன் சீசன் என்று சில நாட்களிலேயே மாத வாடகையைத் தேற்றிவிடலாம் என்றால் யார்தான் குடும்பத்துக்கு வீடு கொடுப்பார்கள்? கோயில் வாசலில் கடை வைத்திருப்பவர்கள், லாட்ஜில் வேலை பார்ப்பவர்கள் தங்கச்சிமடத்துக்கும் பாம்பனுக்கும் தள்ளிப் போக வேண்டியிருக்கிறது.

அங்கே ஏற்கெனவே கடல் தொழில் செய்பவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. 2023-இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் தடைக்கால நிவாரணத்தை 5,000-லிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக முதலமைச்சர் அறிவித்தார். இரண்டு மாத வாடகைக்கே அதில் பெரும் பகுதி போய்விடும். தடைக்கால வாடகையைப் பிந்தைய மாதங்களில் பிரித்துக் கட்டலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளத் தடையே இல்லை. மனமுள்ள வீட்டுக்காரர்கள் சிலர் எழுதிக் கொடுக்கிறார்கள். இன்னும் சிலர், கடல் தொழில் என்றாலே "மீன் வாடை அடிக்கும், வேண்டாம்" என்கிறார்கள். என்ன ஆட்கள் என்று கேட்டு வீடு மறுப்பவர்களும் உண்டு. இதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வேதனையாக இருக்கிறது. அந்த மீனை நாம் எல்லோரும்தானே சாப்பிடுகிறோம்?

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2022-இல் நகராட்சி வீடுகளின் சொத்து வரி, பரப்பளவைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை உயர்ந்தது. உப்புக்காற்று கட்டடத்தைச் சும்மா விடுவதில்லை. சன்ஷேடின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். முதலில் பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடு தெரியும். கம்பி துருப்பிடித்து உப்பி, சிமெண்டைத் தள்ளிக்கொண்டு வரும். சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருக்கும். பெயிண்ட் அடித்தாலும் மறைவது கொஞ்ச நாளைக்குத்தான். இந்தப் பழுதுகளை யார் பார்ப்பது என்று எழுதாமல் விட்டால், காலி செய்யும் நாளில் அட்வான்ஸில் கை வைப்பார்கள்.

அட்வான்ஸ் பற்றிச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதினால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. பத்து மாதம் கேட்டால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசிக் குறையுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். வாடகைத் தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ கரண்ட்டையோ வீட்டுக்காரர் நிறுத்த முடியாது.

ஒத்திக்கு வீடு பிடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாத வாடகை கிடையாது என்று நகையை விற்று மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு, முத்திரைத்தாளில் எழுதி வாங்கினால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். ஒத்தி என்பது அடமானம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான் பாதுகாப்பு. வில்லங்கம் போட்டுப் பார்த்து, பேங்க் கடன் இருக்கிறதா என்று விசாரித்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

கடைசியாக, கீழக்கரை போன்ற ஊர்களில் வீட்டை வைத்துவிட்டு வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் இருக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகள் பல பூட்டியே கிடக்கின்றன. குடிவைத்தால் கிளம்ப மாட்டார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. வாடகை பாக்கி, அனுமதியில்லாமல் உள்வாடகை போன்ற காரணங்களுக்கு வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்து வீட்டைத் திரும்பக் கேட்க இந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. நீங்கள் ஊருக்கு வர முடியாவிட்டாலும், நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரம் கொடுத்து அவர் மூலமாக ஒப்பந்தம் போடலாம். மேலே ஒரு பகுதியை மட்டும் உங்களுக்கென்று வைத்துக்கொண்டு கீழ்ப் பகுதியை ஒரு குடும்பத்துக்குக் கொடுங்கள். ஒப்பந்தத்தைப் பதிவதற்கான அரசு இணையதளம் டெனன்சி டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்.

நன்றி, வணக்கம்.