மாசாய் மாராவுக்குக் கேமரா மூட்டை கட்டுகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் என் தொலைபேசியில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "சார், மாசாய் மாரா போகிறோம், 600 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கிவிடலாமா?" ஜூலையிலிருந்து அக்டோபர் வரை, தான்சானியாவின் செரங்கெட்டிப் புல்வெளியிலிருந்து லட்சக்கணக்கான வில்டபீஸ்டு என்ற மான் இன விலங்குகளும் வரிக்குதிரைகளும் மேய்ச்சல் தேடிக் கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குள் வரும். முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றை அவை கூட்டமாகக் கடப்பதைப் படமெடுக்க வேண்டும் என்ற ஆசை, கேமரா பிடிக்கிற யாருக்கும் இருப்பதுதான். ஆனால் தொலைவில் இருப்பதை அருகில் காட்டும் அந்த நீள லென்ஸைப் பற்றிக் கேட்பவரிடம் நான் வேறு இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். நைரோபியிலிருந்து மாராவுக்கு எப்படிப் போகிறீர்கள், தரைவழியாகவா, விமானத்திலா? வண்டியில் உங்களோடு எத்தனை பேர்? எதை எடுத்துப் போவது என்பதைப் பெரும்பாலும் இவைதான் முடிவு செய்கின்றன. மிருகங்கள் அல்ல.

முதலில் விமானத்தைச் சொல்கிறேன். நைரோபியில் நாம் போய் இறங்குவது ஜோமோ கென்யாட்டா விமான நிலையத்தில். மாராவுக்குப் பெரும்பாலான சிறு விமானங்கள் கிளம்புவதோ வில்சன் என்ற வேறொரு நிலையத்திலிருந்து. ஒரு டஜன் பேர் உட்காரக்கூடிய செஸ்னா காரவான் போன்ற விமானங்கள் அவை. ஒருவருக்கு அனுமதி பொதுவாக 15 கிலோ. கேமரா, துணிமணி, கைப்பை எல்லாம் சேர்த்துத்தான் இந்த 15. அதுவும் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியாக இருக்கக்கூடாது. சாமான் அறை சின்னது என்பதால் அமுக்கினால் அமுங்குகிற துணிப்பைதான் வேண்டும் என்பார்கள்.

தரைவழியாகப் போனால் இந்தக் கணக்கு இல்லை. நரோக் ஊர் வழியாக ஐந்தாறு மணி நேரப் பயணம். எடைக்குப் பதிலாக அங்கே புழுதியும் குலுக்கலும் உண்டு. ஆனாலும் நம் ஊரிலிருந்து கிளம்பும்போதே எக்கானமி வகுப்பில் பல விமான நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோதான் தருகின்றன. லென்ஸையும் கேமராவையும் சரக்கில் போட்டு அனுப்ப யாருக்கும் மனம் வராது. ஆகவே உண்மையான வரம்பு 15 அல்ல, 7.

அந்த 7 கிலோவை ஒரு சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். 150-600 ஜூம் லென்ஸ் சுமார் 2 கிலோ. ஒரு கேமரா முக்கால் கிலோ வீதம் இரண்டுக்கும் ஒன்றரை. 24-105 போன்ற சின்ன ஜூம் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பேட்டரி, சார்ஜர், மெமரி கார்டுகள் முக்கால் கிலோ. வெறும் பையே ஒன்றரைக் கிலோ இருக்கும். சக்கரம் வைத்த கேமராப் பெட்டியானால் காலியாகவே 4 கிலோ வரை இழுக்கும். கூட்டிப் பார்த்தால் ஆறரை வந்துவிட்டது. லேப்டாப்புக்கு இடமில்லை. நானாக இருந்தால் லேப்டாப்பைத்தான் வீட்டில் வைப்பேன். அதற்குப் பதில் கூடுதலாக நாலு கார்டு வாங்கி, கேமராவில் இரண்டு கார்டு போடும் வசதி இருந்தால் இரண்டிலும் ஒரே படம் பதிவாகும்படி வைத்துவிடுவேன். படங்களை நிதானமாக ஊருக்கு வந்து பார்க்கலாம். அங்கே ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் லேப்டாப்பில் படம் பார்த்துக்கொண்டிருப்பவர், விடியற்காலை வண்டியில் தூங்கி வழிவார்.

பத்துப் பாக்கெட் வைத்த மேல்சட்டை ஒன்றை வாங்கி, செக்-இன் கவுன்ட்டரில் லென்ஸ்களை அதற்குள் அடைத்துக்கொண்டு நிற்கிற புகைப்படக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணிபோல நடப்பார்கள். சட்டவிரோதம் ஒன்றுமில்லை.

ஏன் இரண்டு கேமரா? புழுதிதான் காரணம். மாராவில் வண்டியின் கூரை திறந்திருக்கும். நாம் எழுந்து நின்று படமெடுப்போம். சிங்கம் தெரிந்தது என்று வயர்லெஸ்ஸில் ஒரு ஓட்டுநர் சொன்னால், சுற்றியிருக்கும் வண்டிகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பும். முன்னால் போகும் வண்டி கிளப்பும் மண் அப்படியே நம் மடியில் வந்து இறங்கும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றி மாற்றினால் தூசி நேரே, படம் பதிவாகும் சென்சாரில் உட்காரும். பிறகு வானம் வரும் ஒவ்வொரு படத்திலும், அதே மூலையில், அதே சாம்பல் புள்ளி. அதனால் ஒரு கேமராவில் நீள லென்ஸ், இன்னொன்றில் சின்ன லென்ஸ் என்று காலையிலேயே மாட்டிவிட வேண்டும். அறைக்குத் திரும்பும் வரை கழற்றக்கூடாது. இரண்டாவது கேமரா பழையதாக இருந்தால் போதும், நண்பரிடம் இரவல் வாங்கினாலும் போதும். அதுவும் இல்லையென்றால் ஒரே கேமராவில் நீள லென்ஸை மாட்டிவிட்டு, அகலமான காட்சிக்குக் கைபேசியை எடுங்கள். மடியில் இருக்கும் கேமராவுக்கு மேல் போட ஒரு ஈரோட்டுத் துண்டு இருக்கட்டும். கடையில் விற்கும் உறைகளைவிட அது நன்றாக உழைக்கும்.

இனி அந்த 600. மாரா தேசியக் காப்பகத்தில் வண்டி பாதையை விட்டு இறங்கக்கூடாது. சிங்கம் இருநூறு மீட்டர் தள்ளிப் படுத்திருந்தால் அங்கிருந்தேதான் எடுக்க வேண்டும். அதே சிங்கம் எழுந்து வந்து நம் வண்டி நிழலிலேயே படுத்துக்கொள்வதும் உண்டு. தூரம் நம் கையில் இல்லாத இடத்தில் ஜூம் லென்ஸ்தான் உதவும். 100-400 இருந்தாலே பெரும்பாலும் சமாளிக்கலாம். ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார் உள்ள கேமரா வைத்திருப்பவருக்கு அந்த 400, பார்வையில் 600 போலத்தான் தெரியும். அவர் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆற்றைக் கடக்கும் காட்சிக்கோ 600 பல நேரம் அதிகம். ஒரு முகத்துக்குள் சிக்கிக்கொள்வீர்கள், கூட்டம் தெரியாது.

"வெளிச்சம் குறைவாக இருக்கும்போது எஃப் 2.8 லென்ஸ் வேண்டாமா?" என்பார்கள். எஃப் எண் குறைந்தால் லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் என்பதால் வரும் கேள்வி இது. 400 எஃப் 2.8 லென்ஸ் ஒன்றே கிட்டத்தட்ட 3 கிலோ, விலை பல லட்சம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் என்பதால் மாராவில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய காலை ஆறரைக்குச் சூரியன் உதித்து மாலை ஆறரைக்கு மறைகிறது. உதித்ததும் செங்குத்தாக ஏறிவிடும். அந்த லென்ஸ் தனித்து நிற்பது காலையில் அரைமணி, மாலையில் அரைமணி. மற்ற நேரங்களில் எஃப் 6.3 ஜூமும் படம் தரும். விடியலில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்திறனை, 6400 வைக்க இன்றைய கேமராக்களில் பயப்பட வேண்டியதில்லை. பகல் பதினொரு மணிக்கு மேல் சிக்கல் வேறு. தரை சூடாகிக் காற்று நெளிய ஆரம்பித்தால், முன்னூறு மீட்டர் தள்ளி நிற்கும் சிவிங்கிப்புலி எந்த லென்ஸிலும் மங்கலாகத்தான் விழும். அதற்கு லென்ஸைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

முக்காலி வேண்டாம். வண்டியில் அதன் மூன்று காலையும் விரிக்க இடமிருக்காது, கீழே இறங்கவும் அனுமதி இல்லை. அதற்குப் பதிலாக பீன் பேக். தலைச்சுமைக்குச் சும்மாடு எப்படியோ, ஜன்னல் விளிம்பில் வைக்கும் லென்ஸுக்கு இது அப்படி. பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டித் தையற்காரரிடம் கொடுத்தால், ஒரு பக்கம் மூடித் தைத்து மறுபக்கம் ஜிப் வைத்துத் தருவார். காலியாகக் கொண்டுபோங்கள். தங்கும் முகாமின் சமையலறையில் அரிசியோ பயறோ கேட்டு நிரப்பிக்கொள்ளலாம். முக்கால்வாசி மட்டும் நிரப்புங்கள். இறுக்கமாக அடைத்தால் லென்ஸ் உருளும். தளர்வாக இருந்தால்தான் லென்ஸ் பள்ளம் பண்ணிக்கொண்டு உட்காரும். ஓட்டுநரிடம் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரை அசையாமல் இருக்கச் சொல்லுங்கள், அதுதான் கடினம். வண்டியில் எத்தனை பேர் என்று முதலிலேயே கேட்டது இதற்காகத்தான். ஊர் திரும்பும்போது அரிசியைச் சமையலறையிலேயே கொட்டிவிட்டு வாருங்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூடுதல் லித்தியம் பேட்டரிகளும் பவர் பேங்க்கும் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்கில் கூடாது. ஒவ்வொன்றும் 100 வாட்-மணிக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. 20,000 மில்லியாம்பியர்-மணி பவர் பேங்க் ஏறக்குறைய 74 வாட்-மணி. கென்யாவில் பிளக், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் அதே சதுரக் கால் வகை. அந்த இரண்டு நாடுகளிலும் உறவினர் இருக்கிறவர்களின் வீடுகளில் தேடினால் அடாப்டர் கிடைக்கும். அது ஒன்றும், நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றும் போதும். பல முகாம்களில் குறிப்பிட்ட சில மணி நேரம்தான் மின்சாரம். ட்ரோனை வீட்டில் வையுங்கள், காப்பகத்தில் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. பிளாஸ்டிக் பைகளில் லென்ஸைச் சுற்றும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் கடைகளில் தரும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. சட்டத்தில் 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதமும் 4 ஆண்டு வரை சிறையும் சொல்லப்பட்டிருக்கின்றன. மஞ்சப்பை போதும். இன்னொரு லென்ஸ் வைக்க இடம் இருக்கிறது என்று தோன்றினால், அந்த இடத்தில் ஒரு பைனாகுலரை வையுங்கள். மரக்கிளையில் தொங்கும் சிறுத்தையின் வாலைக் கேமராவுக்கு முன்னால் கண்டுபிடிப்பது அதுதான்.

கடைசியாகச் சுங்கம். விலை உயர்ந்த கேமராக்களை எடுத்துப் போகிறவர்கள், புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அலுவலரிடம் அவற்றைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது, "இது வெளிநாட்டில் வாங்கியதா?" என்று கேட்டால் அந்தத் தாள் பேசும். வாங்கிய ரசீதின் நகலும் வரிசை எண்களின் பட்டியலும் கையில் இருக்க வேண்டும். சாமானைச் செக்-இன் செய்வதற்கு முன்பே இதை முடியுங்கள், அதற்கென்று ஒரு மணி நேரம் முன்னதாகவே வீட்டிலிருந்து கிளம்புங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.