ஆண்களுக்கு ஒரு சாக்கு வேண்டும்

அவைக்கு வணக்கம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கினாலே பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொள்கிற ஆள் நான். ஆனால் கையில் கட்டியிருக்கும் இந்த வாட்சின் முகப்பில் 200 மீட்டர் என்று போட்டிருக்கிறது. அத்தனை ஆழத்தின் அழுத்தத்தையும் தாங்குமாம். வாங்கும்போது கடைக்காரரிடம் இதைப் பற்றித்தான் கால் மணி நேரம் விசாரித்தேன். உண்மையில் அது எனக்குப் பிடித்தது அழகாக இருந்ததால்தான். அதை மட்டும் வாய்திறந்து சொல்லவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரிக்கிறவர்களில் எத்தனை பேர் கையில் இப்படி ஆழம் போட்ட வாட்ச் இருக்கிறது என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும், அதனால் கேட்கவில்லை.

ஆண்கள் பத்திரிகைகளையும் அவற்றில் வரும் ஆடம்பர விளம்பரங்களையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். பல வருடங்களாக அந்தப் பக்கங்களைப் புரட்டியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றே ஒன்றுதான். அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை ஆணுக்கும் உண்டு. அதை வெளியே சொல்ல அவனுக்குக் கூச்சம். ஆகவே அவனுக்கு ஒரு சாக்கு வேண்டும். விளம்பரம் முதலில் அந்தச் சாக்கைத்தான் தயார் செய்கிறது, பொருள் அப்புறம்தான் வருகிறது.

இந்தப் பத்திரிகைகள் பிறந்த இடமே இதற்குச் சாட்சி. 1931-இல் அமெரிக்காவில் 'அப்பேரல் ஆர்ட்ஸ்' என்று ஒரு இதழ் வந்தது. அது வாசகருக்கானது அல்ல, ஆண்கள் துணிக்கடை வைத்திருப்பவர்களுக்கானது. உள்ளே உண்மையான துணித் துண்டுகளையே ஒட்டி வைத்திருப்பார்கள். கடைக்காரர் தொட்டுப் பார்த்து, எதைக் கொள்முதல் செய்யலாம் என்று முடிவுசெய்வார். கவுன்டரில் கிடந்த அந்த இதழை வாடிக்கையாளர்களும் எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார்கள், சிலர் கையோடு கொண்டுபோயும் விட்டார்கள். அடடே, இதைப் படிக்க ஆள் இருக்கிறதே என்று அதை நடத்தியவர்களுக்குத் தோன்றியது. அதே கூட்டம் 1933-இல் 'எஸ்கொயர்' இதழைத் தொடங்கியது. பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவில், ஒரு பிரதி 50 சென்ட் விலையில். பெரும்பாலான பிரதிகளைத் துணிக்கடைகள் வழியாகவே விற்பது என்றுதான் திட்டம். பத்திரிகைக் கடைகளுக்குக் கொஞ்சம்தான் போனது. அந்தக் கொஞ்சம் மளமளவென்று விற்றுத் தீர்ந்ததும், துணிக்கடைகளுக்கு அனுப்பியதைத் திரும்ப வாங்கிப் பத்திரிகைக் கடைகளுக்குக் கொடுத்தார்கள்.

இப்போது ஆசிரியர் ஆர்னால்ட் கிங்ரிச்சின் சங்கடத்தை நினைத்துப் பாருங்கள். உடை பற்றிய பத்திரிகையை ஓர் ஆண் கையில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார வேண்டும். எதிர் இருக்கைக்காரர் என்ன நினைப்பார்? அதற்குத்தான் முதல் இதழிலேயே ஹெமிங்வேயைப் பிடித்துப் போட்டார். மீன்பிடிப்பு, வேட்டை, குத்துச்சண்டை என்று வியர்வை வாசம் வீசும் எழுத்து ஒரு பக்கம். அதன் மறைவில் டை எப்படிக் கட்டுவது, எந்த நிறக் கோட்டுக்கு எந்த நிறச் சட்டை என்பதெல்லாம் இன்னொரு பக்கம். 'ஹெமிங்வே எழுதியிருக்கிறார், அதனால் வாங்கினேன்' என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? ஹெமிங்வே போன்ற ஓர் எழுத்தாளரைச் சட்டைக்கு உறையாகப் பயன்படுத்தியதை இலக்கிய உலகம் ஏன் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அந்த 'அப்பேரல் ஆர்ட்ஸ்' என்ன ஆயிற்று என்கிறீர்களா? 1957-இல் 'ஜென்டில்மென்ஸ் குவார்ட்டர்லி' என்று பெயர் மாறியது. இன்று எல்லோரும் சொல்லும் 'ஜிகியூ' அதுதான். ஆக, ஆண்கள் பத்திரிகைகளில் பெயர்போன இரண்டுமே துணிக்கடை கவுன்டரில் பிறந்தவை. கட்டுரைக்கு நடுவே விளம்பரம் வந்து நுழைந்துவிட்டது என்று சிலர் குறைப்படுகிறார்கள். இவை விஷயத்தில் கட்டுரைதான் பிறகு வந்து நுழைந்தது.

சரி, விளம்பரத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1951. ஹாத்தவே என்று மெய்ன் மாநிலத்தில் ஒரு பழைய, சிறிய சட்டைக் கம்பெனி. விளம்பரத்துக்கு அவர்களிடம் இருந்த பணம் கொஞ்சம். டேவிட் ஓகில்வி என்ற விளம்பரக்காரரிடம் வந்தார்கள். படப்பிடிப்புக்குப் போகிற வழியில் ஓகில்வி ஒரு மருந்துக்கடையில் நுழைந்து, ஒற்றைக் கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை ஒன்றை வாங்கிக்கொண்டார். மாடலாக நின்றவர் ஜார்ஜ் ராங்கல் என்ற பிரபு, இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற மனிதர். பட்டையைக் கட்டிவிட்டு எடுத்த படம் 'நியூயார்க்கர்' இதழில் வந்தது. சட்டை சட்டென்று பிரபலமாகிவிட்டது.

ஏன்? வெறும் சட்டை போட்ட அழகன் என்றால் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். கண்ணில் பட்டை இருந்தால், இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று, சண்டையிலா, கடலிலா என்று ஒரு நொடி நிற்போம். அந்த ஒரு நொடியில் சட்டைக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை வந்துவிடுகிறது. அடுத்தடுத்த விளம்பரங்களில் அதே பட்டைக்காரர் இசைக்குழுவை நடத்தினார், டிராக்டர் ஓட்டினார், கத்திச்சண்டை போட்டார், அருங்காட்சியகத்தில் கோயாவின் ஓவியத்தைப் பார்த்து வரைந்தார். இதில் எதற்குமே ஹாத்தவே சட்டை அவசியமில்லை. ஆனால் அந்தச் சட்டையை வாங்குகிறவனுக்கு, தான் பகட்டுக்காரன் இல்லை, அனுபவப்பட்டவன் என்று தன்னிடமே சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது.

கடிகாரக்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். முதல் உலகப் போருக்கு முன்பு கையில் கட்டும் கடிகாரம் பெண்களின் நகை. ஆண் என்றால் சங்கிலியில் கோத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். பதுங்குகுழியில் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு பையைத் துழாவ முடியுமா? கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறியது. போர் முடிந்து ஊர் திரும்பியவன் கையில் அது இருந்தால் கேலி செய்ய யாருக்குத் துணிச்சல் வரும்? 'டிரெஞ்ச் கோட்' கதையும் இதேதான். 'டிரெஞ்ச்' என்றாலே பதுங்குகுழிதான். தோள்பட்டை வார், இடுப்பு பெல்ட்டில் உலோக வளையம் எல்லாம் இன்றும் அந்தக் கோட்டில் தைத்து வருகின்றன. எதையும் யாரும் அதில் மாட்டுவதில்லை.

1927-இல் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது கழுத்தில் ரோலெக்ஸ் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டார். கடுங்குளிர், அந்த முறை அவரால் முழுத் தூரத்தையும் நீந்த முடியவில்லை. கடிகாரம் மட்டும் நிற்கவில்லை. ரோலெக்ஸ் லண்டனின் 'டெய்லி மெயில்' முதல் பக்கம் முழுவதையும் வாங்கி அதைக் கொண்டாடியது. தண்ணீர் புகாத கடிகாரம் என்ற சாக்கின் தாய்வேர் அங்கே இருக்கிறது. என் கையில் இருக்கும் 200 மீட்டர் அதன் பேரப்பிள்ளை. அப்புறம் 1969-இல் ஒமேகா கடிகாரம் நிலவுக்கே போய்விட்டது. ஆம்ஸ்ட்ராங் தன்னுடையதைக் கலத்திலேயே விட்டுவிட்டு இறங்கினார், நிலவில் நடந்த கடிகாரம் ஆல்ட்ரின் கையில் இருந்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த நடையை வைத்து விற்றுக்கொண்டிருக்கிறார்கள். வாங்குகிறவர் அலுவலகத்துக்குத்தான் போகிறார்.

ஆனாலும் இந்த ஆழம், உயரம் எல்லாவற்றையும் ஒரே அடியில் தாண்டியது பட்டேக் ஃபிலிப் என்ற கடிகாரக் கம்பெனி 1996-இல் தொடங்கிய விளம்பர வரிசைதான். ஒரு தகப்பன், ஒரு மகன், கறுப்பு வெள்ளைப் படம். இந்தக் கடிகாரத்துக்கு நீங்கள் ஒருபோதும் சொந்தக்காரர் ஆவதில்லை, அடுத்த தலைமுறைக்காகப் பார்த்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான் என்பது அதன் வாசகம். என்ன சாமர்த்தியம் பாருங்கள். ஒரு வீட்டை வாங்கும் பணத்தை மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறவனை, பிள்ளைக்குச் சேர்த்துவைக்கும் பொறுப்பான தகப்பனாக மாற்றிவிட்டார்கள். வீட்டில் கேள்வி வந்தால் பதில் தயார். அந்தப் பையனை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

கடிகார விளம்பரம் கண்ணில் பட்டால் முள்ளைப் பாருங்கள். பெரும்பாலும் பத்து மணி பத்து நிமிடம். இரண்டு முள்ளும் மேல்நோக்கி விரிந்து நின்றால் பன்னிரண்டுக்குக் கீழே இருக்கும் கம்பெனிப் பெயர் மறையாது, முகப்பும் சிரிப்பதுபோல இருக்கும். ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் கண்ணை விட்டுப் போகாது.

பத்திரிகைக்குள் நடக்கும் கணக்கையும் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்னட்டையின் உட்புறம், பின்னட்டை, பொருளடக்கத்துக்கு முன்னால் வரும் இரட்டைப் பக்கங்கள், இவைதான் விலை கூடிய இடங்கள். அதில் யார் முதலில், யார் பக்கத்தில் யார் வரக்கூடாது என்று கறாராகப் பேரம் நடக்கும். கொடுக்கிற பணத்துக்கு ஓரளவு பதில்மரியாதையும் உண்டு. உள்ளே வரும் உடைப் படங்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் கோட்டு யாருடையது, காலணி யாருடையது என்று இருக்கும் அல்லவா? அந்தப் பொடி எழுத்தில் விளம்பரம் கொடுத்தவர் பெயர் எத்தனை முறை வருகிறது என்று கணக்குப் பார்க்கிறவர்கள் உண்டு. ஆசிரியருக்குப் பிடிக்காத கோட்டும் அப்படித்தான் பக்கத்தில் ஏறும்.

இன்னொன்று. விளம்பரத்தில் தெரிவது கோட்டு சூட்டு. பெரும்பாலான வாசகர்கள் வாங்குவது ஒரு சென்ட் பாட்டில், ஒரு பெல்ட், ஒரு கண்ணாடி. அந்த சென்ட்டை அந்தக் கோட்டு சூட்டுக் கம்பெனிகளே செய்வதும் அபூர்வம். 'குச்சி' கம்பெனியின் சென்ட், 'ஹ்யூகோ பாஸ்' கம்பெனியின் சென்ட் இரண்டையும் உரிமம் வாங்கித் தயாரித்துவந்தது கோட்டி என்ற ஒரே நிறுவனம். பிராடாவின் கண்ணாடியைச் செய்வது லக்ஸோட்டிகா. சூட்டின் படம் மேலே கனவாக நிற்கும், கல்லாப்பெட்டி கீழே பாட்டிலில் நிரம்பும்.

சாக்கே இல்லாமல் யாரும் வந்ததில்லையா? வந்தார்கள். 1971-இல் ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரான் தன் முதல் ஆண்கள் சென்ட்டுக்குத் தானே மாடலாக உட்கார்ந்தார். உடலில் மூக்குக்கண்ணாடியைத் தவிர ஒன்றுமில்லை. ஷான்லூ சீஃப் எடுத்த படம். கடலும் இல்லை, போரும் இல்லை, மகனும் இல்லை. அன்று அதை வெளியிடத் துணிந்த பத்திரிகைகள் மிகச் சில. ஒரு துணி வியாபாரி துணியில்லாமல் வந்து உட்கார்ந்ததை நான் இந்தத் துறையின் துணிச்சலான செயல்களில் ஒன்றாக வைப்பேன்.

11 வருடம் கழித்து கால்வின் கிளைன் உள்ளாடைக்கு இறங்கியபோது சாக்கு மறுபடி வந்துவிட்டது. புரூஸ் வெபர் எடுத்த படம். கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவு, வெள்ளைச் சுவர், நீல வானம், வெள்ளை உள்ளாடையில் ஓர் ஆண், கீழிருந்து பார்க்கிற கேமரா. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் பிரம்மாண்டமாக ஏற்றினார்கள். பேருந்து நிறுத்தக் கண்ணாடியை உடைத்து அந்தச் சுவரொட்டியைத் திருடிக்கொண்டு போனார்கள் ஜனங்கள். நின்றவர் டாம் ஹிண்ட்னாஸ், கழியூன்றித் தாண்டும் வீரர். 1980 ஒலிம்பிக்குக்குத் தேர்வாகி, அமெரிக்கா மாஸ்கோவைப் புறக்கணித்ததால் போக முடியாமல்போனவர். விளையாட்டு வீரர் என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. உடலைப் பார்க்கவில்லை, உழைப்பைப் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவரை பல வீடுகளில் ஆணின் உள்ளாடையை அம்மாவோ மனைவியோதான் வாங்கிவந்தார்கள். அவனே கடைக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கிய காலம் அது.

இனி லூயி வித்தோன் என்ற தோல்பைக் கம்பெனி. 2007-இல் அவர்கள் கையிலெடுத்த சாக்கு பயணம். ஆனி லீபோவிட்ஸ் எடுத்த ஒரு படத்தைச் சொல்கிறேன். ஒரு காரின் பின் இருக்கை. கோட்டு போட்டு உட்கார்ந்திருப்பவர் சோவியத் யூனியனின் கடைசித் தலைவர் மிகயீல் கோர்பசேவ். பக்கத்தில் அந்தப் புகழ்பெற்ற தோல்பை. கார் ஜன்னலுக்கு வெளியே பெர்லின் சுவரின் மிச்சம். பையின் வாய் திறந்திருக்க, மேலே ஒரு ரஷ்யப் பத்திரிகை எட்டிப் பார்க்கிறது. யாரோ உற்றுப் பார்த்துப் படித்துவிட்டார்கள். முந்தைய ஆண்டு லண்டனில் நஞ்சூட்டிக் கொல்லப்பட்ட முன்னாள் ரஷ்ய உளவாளி லித்வினென்கோவின் கொலையைப் பற்றிய தலைப்பு! பெரிய பரபரப்பு. இதில் செய்தி எதுவும் ஒளித்துவைக்கவில்லை என்று கம்பெனி மறுத்தது. இருக்கலாம். ஆனால் ஒரு பையின் விளம்பரத்தை உலகமே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது என்பது மட்டும் நிச்சயம்.

அதே கம்பெனி 2010-இல் கைத்தொழில் என்ற சாக்கை எடுத்தபோது வழுக்கியது. மெல்லிய வெளிச்சத்தில் ஒரு பெண் ஊசியும் நூலுமாகத் தைக்கும் படம். பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம், பைகள் முழுக்கக் கையாலேயே தைக்கப்படுவதுபோல் தோன்றுகிறதே, ஆதாரம் எங்கே என்று கேட்டது. கொடுத்த விளக்கம் போதவில்லை. மறுபடி அப்படியே வெளியிடக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். நிலவுக்குப் போன கதையைச் சரிபார்க்க முடியும், தையலைச் சரிபார்ப்பது கஷ்டம் என்று நினைத்தார்கள் போல.

இன்று பத்திரிகைகள் மெலிந்துவிட்டன. பொருளடக்கத்துக்கு முன்னால் அரை இதழுக்கு விளம்பரம் புரட்டிய காலம் போய்விட்டது. ஆனால் 2022 நவம்பரில், கால்பந்து உலகக் கோப்பை தொடங்குவதற்கு முந்தைய நாள், லீபோவிட்ஸ் எடுத்த இன்னொரு வித்தோன் படம் வந்தது. மெஸ்ஸியும் ரொனால்டோவும் எதிரெதிரே உட்கார்ந்து, முகத்தைக் கையில் தாங்கி, சதுரங்கப் பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த இதழின் பின்னட்டையும் தேவைப்படவில்லை, அவர்கள் இருவரும் தங்கள் தங்கள் கணக்கிலேயே போட்டார்கள். கோர்பசேவின் பைக்குள் எட்டிப் பார்த்த அதே ஜனங்கள் இதையும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். காய்கள் நின்ற நிலையை அடையாளம் கண்டுபிடித்தார்கள்: 2017-இல் நார்வேயில் சதுரங்க வீரர்கள் கார்ல்சனும் நகாமுராவும் ஆடி, வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்த ஆட்டம்.

என் நண்பர் ஒருவர் அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்கு அரை மணி நேரம் விளக்கினார். குதிரை எங்கே, ராஜா எங்கே, அடுத்த நகர்வு என்ன என்று எல்லாம் சொன்னார். பலகை எது என்று கேட்டேன். படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். கட்டம் போட்ட வித்தோன் கைப்பெட்டி அது. காய்கள் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தன.