கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது?

வணக்கம் நேயர்களே. கொழும்பு-காலி வீதியில் பஸ்ஸிலோ ஓட்டோவிலோ நகர்ந்து நகர்ந்து வந்துகொண்டு, ஆறு மணிக்குள் டேகெயாருக்குப் போய்ப் பிள்ளையை எடுக்க வேண்டுமே என்ற அவசரத்தோடு இதைக் கேட்பவர்கள் பலர் இருப்பீர்கள். காலை ஏழரையிலிருந்து உங்கள் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கும் அந்த அன்ரியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அவருக்கு இந்த வேலையை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் பார்த்த பல இடங்களில் ஒருவருமே சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளை பெற்றவர், தம்பி தங்கையை வளர்த்தவர், பொறுமைசாலி என்று பார்த்து வேலைக்கு எடுப்பார்கள், அடுத்த நாளே எட்டுப் பத்துப் பிள்ளைகளை அவர் பொறுப்பில் விட்டுவிடுவார்கள்.

பொறுமை வேண்டும், பாசமும் வேண்டும், அதை யார் மறுப்பார்கள். ஆனால் 2 வயதுப் பிள்ளை ஒன்று பக்கத்துப் பிள்ளையின் கையில் பல் பதியக் கடித்துவிட்டது, இரண்டும் கத்துகின்றன, அதைப் பார்த்து மூன்றாவதும் அழத் தொடங்குகிறது என்றால், அந்த நிமிடத்தில் பாசம் வழி காட்டாது. பழகிய வேலைதான் காட்டும். டேகெயார் ஆட்களிடம் பேசும்போதெல்லாம் கடிக்கும் பிள்ளையைப் பற்றியே முதலில் கேட்கிறார்கள், அதனால் நானும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒன்றிலிருந்து மூன்று வயது வரைக்கும் கடிப்பது மிகச் சாதாரணம். பல் முளைக்கும்போது ஈறு குறுகுறுக்கும். கேட்க நினைப்பதைச் சொல்ல வாயில் சொல் இருக்காது. நித்திரை வந்திருக்கும், பசி வந்திருக்கும், அல்லது சுற்றி ஆள் கூடி இடம் நெருக்கமாகியிருக்கும். கொழும்பில் இந்தக் கடைசிக் காரணத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து டேகெயார் நடத்துகிறார்கள், முற்றம் கிடையாது, மழை நாளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில், ஒரே ஒரு விளையாட்டு லாரி. அந்த லாரிக்கு நாலு கை நீளும்போது, பேசத் தெரிந்த பிள்ளை "தா" என்று கேட்கும், பேசத் தெரியாத பிள்ளை கடிக்கும்.

என்ன செய்ய வேண்டும்? முதலில் கடிபட்ட பிள்ளையிடம் போங்கள். சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், அணைத்துக்கொள்ளுங்கள். கடித்த பிள்ளையிடம் முகம் பார்த்து, குரல் உயர்த்தாமல், ஒரே வசனம்: "கடிச்சா நோகும், கடிக்க விட மாட்டேன்." அதற்கு மேல் நீண்ட புத்திமதி அந்த வயதில் காதில் ஏறாது. கொஞ்சம் அமைதியானதும் அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்ட சொல்லைக் கொடுங்கள், "எனக்கும் தா" என்று சொல்லிக் காட்டுங்கள், கையை நீட்டிக் கேட்கப் பழக்குங்கள். பல் முளைக்கும் பிள்ளையென்றால் கடிக்க ஏதாவது சுத்தமான பொருள் கையில் இருக்கட்டும். நோவு தெரியட்டும் என்று திருப்பிக் கடித்துக் காட்டும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. பெரியவர்களும் கடிப்பார்கள் என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. அப்புறம், மாலையில் கடிபட்ட பிள்ளையின் தாய் வந்து "யார் கடிச்சது?" என்று கேட்டால், பெயரைச் சொல்லாதீர்கள். என்ன நடந்தது, என்ன செய்தோம், இனி என்ன செய்யப் போகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள். தாய் கோபப்படுவார்தான். ஆனாலும் பெயர் வெளியே போனால் கேற்றடியில் இரண்டு குடும்பம் சண்டை பிடிக்கும், அந்தப் பிள்ளை முழு டேகெயாருக்கும் "கடிக்கிற பிள்ளை" ஆகிவிடும்.

இதையெல்லாம் ஒரு நல்ல அன்ரி அனுபவத்தில் தானாகவே பிடித்துக்கொள்ளலாம். பயிற்சி பெற்றவர் இன்னும் ஒன்று செய்வார், அதற்காகத்தான் நான் இங்கே வந்திருக்கிறேன். அவர் ஒரு கொப்பியை எடுத்து எழுதுவார். கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, பிள்ளை சரியாக என்ன செய்தது, அதன் பின்னால் யார் என்ன செய்தார்கள், எத்தனை மணி, எந்த இடம். உலகம் முழுவதும் பிள்ளைகளின் நடத்தையோடு வேலை செய்கிறவர்கள் இந்த முன்னால், பின்னால் கணக்கைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். எழுதும்போது கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். "அடம் பிடித்தான்" என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "11.20க்கு, கையிலிருந்த லாரியை இன்னொரு பிள்ளை எடுத்ததும், நிலத்தில் படுத்துக் காலை அடித்து அழுதான், தூக்கியதும் நிறுத்தினான்" என்று எழுதினால் அதில் வேலை செய்ய ஏதோ இருக்கிறது. இரண்டு கிழமை இப்படி எழுதிவிட்டுத் திருப்பிப் பார்த்தால், கடிகள் முக்கால்வாசியும் மதியச் சாப்பாட்டுக்கு முந்தின அரை மணித்தியாலத்தில்தான் என்று தெரியவரலாம். சாப்பாட்டை இருபது நிமிடம் முந்திக் கொடுங்கள், அந்த நேரத்தில் பிள்ளைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒரு கூட்டத்தை வெளி வராந்தாவில் வையுங்கள், இன்னொரு லாரி வாங்குங்கள். பிள்ளையைத் திருத்த யாரும் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் கடி குறைகிறது. இந்த ஒன்றை ஒரு தடவை தன் கண்ணால் கண்டுவிட்ட அன்ரி அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் "குழப்படிக்காரன்" என்று எளிதில் சொல்ல மாட்டார்.

மாலை நேரத்தையும் பாருங்கள். ஐந்து மணிக்குப் பிறகு கேற் மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்க்கும். ஒவ்வொன்றாகப் போய்விடும், கடைசியில் ஒரு பிள்ளை மிஞ்சும். அந்தப் பிள்ளை பொருட்களைத் தூக்கி எறியும், அல்லது அன்ரியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடாது. அந்த நேரத்தில் அன்ரிக்கும் களைப்பு, கூட்டிப் பெருக்க வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும். பயிற்சியில் இந்த அரை மணித்தியாலத்துக்கென்று ஒரு நாள் ஒதுக்கினாலும் தகும். கடைசிப் பிள்ளைக்கென்று ஒரு வேலை, அதாவது தட்டு அடுக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, "இப்ப நீயும் நானும் மட்டும்தான்" என்று பக்கத்தில் இருந்து பேசுவது. காலையில் விடும்போதும் இப்படித்தான். பிள்ளை விளையாட்டில் இருக்கும்போது தாய் சொல்லாமல் நழுவிப் போவதை விடக்கூடாது. "அம்மா போய்ட்டு வாறன், சாப்பிட்டு நித்திரை கொண்டு எழும்பினதும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போகட்டும், பிள்ளை அழட்டும், அழும் பிள்ளையை வாங்கிக்கொள்ள தினமும் அதே ஒரு அன்ரி அங்கே நிற்கட்டும். ஜோன் போல்பி என்ற பிரித்தானிய மனநல மருத்துவர் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் தாயிடமிருந்து பிரியும் பிள்ளைகளைப் பற்றி எழுதியதில் தொடங்கி வந்த அறிவு இது. பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப ஒரே முகம் வேண்டும். கிழமைக்கு ஒரு தடவை ஆட்களை மாற்றுகிற நிலையத்தில் எவ்வளவு விலையான விளையாட்டுச் சாமான் இருந்தாலும் அந்தக் குறை தீராது.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக வங்கியும் 2018இல் சேர்ந்து வெளியிட்ட சட்டகம் ஒன்றில், சின்னப் பிள்ளைக்குத் தேவையானவை என்று ஐந்தைச் சொல்கிறார்கள்: சுகாதாரம், போசாக்கு, பாதுகாப்பு, கற்கச் சந்தர்ப்பம், பிள்ளை காட்டும் குறிப்புக்குப் பதில் கொடுத்துப் பராமரிப்பது. முதல் மூன்றையும் எங்கள் டேகெயார்களில் பெற்றோர் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். கடைசியாகச் சொன்னது கண்ணுக்குத் தெரியாது, அதனால் யாரும் கேட்பதில்லை. குழந்தை கை நீட்டினால் அன்ரி பார்க்கிறாரா, அது போடும் சத்தத்துக்கு மறுசத்தம் கொடுக்கிறாரா, நப்கின் மாற்றும்போது ஃபோனில் பேசிக்கொண்டு மாற்றுகிறாரா, "இப்ப காலைத் தூக்கப் போறேன், சரியா" என்று குழந்தையோடு பேசிக்கொண்டு மாற்றுகிறாரா. ஒரு நாளில் நப்கின் மாற்றுவதும் ஊட்டுவதும் கழுவுவதும் எத்தனை தடவை நடக்கிறது. அத்தனையும் பேச்சு பழகும் நேரம். பிள்ளைகள் அமைதியாக இருக்கட்டும் என்று ரீவியைப் போட்டுவிடும் இடங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், 2இலிருந்து 4 வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று அதே உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு மணித்தியாலத்தையும் வீட்டிலேயே பார்த்து முடித்துவிட்டுத்தான் பிள்ளை உங்களிடம் வருகிறது.

பேச்சு என்றதும் கொழும்புக்கே உரிய ஒரு விஷயம் வருகிறது. வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் சிங்களம், டேகெயாரில் அரைவாசி ஆங்கிலம். பிள்ளை 2 வயதில் "தண்ணி தா" என்று தமிழிலும், வேண்டாம் என்பதற்கு "எப்பா" என்று சிங்களத்திலும், "பை பை" என்று ஆங்கிலத்திலும் சொல்லும். ஒவ்வொரு மொழியிலும் கொஞ்சம்தான் பேசுகிறது என்று பயந்து, வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லும் டேகெயார்கள் இருக்கின்றன. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். பல மொழி கேட்பதால் பேச்சு கெடுவதில்லை. மூன்று மொழிச் சொற்களையும் கூட்டித்தான் எண்ண வேண்டும். 2 வயதளவில் ஐம்பது சொல் அளவும், இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வதும் வந்திருந்தால் நல்லது. அதே நேரம், ஒன்றரை வயதாகியும் விரலால் சுட்டிக் காட்டாத, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை "மெதுவா வரும்" என்று விட்டுவிடவும் கூடாது. இந்த இடத்தில் அன்ரிக்குத் தன் எல்லை தெரிய வேண்டும். நோயின் பெயரை அவர் சொல்லக்கூடாது. கண்டதை, கொப்பியில் எழுதியதை, பெற்றோரிடம் தனியாக, மற்றவர்கள் கேட்காமல் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து வைத்திருக்கும் கிளினிக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரையோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையோ பார்க்கச் சொல்ல வேண்டும். அங்கிருந்து தேவையானால் பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு வழிகாட்டுவார்கள். பெற்றோர் முதல் நாள் கோபப்பட்டுப் போவார்கள், ஒரு மாதத்தில் திரும்பி வந்து கேட்பார்கள், அதற்கும் அன்ரி தயாராக இருக்க வேண்டும்.

அடிப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் வாதாட ஒன்றும் இல்லை. தன் பொறுப்பில் இருக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேண்டுமென்றே தாக்குவதும் துன்புறுத்துவதும் புறக்கணிப்பதும் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் 308அ என்ற பிரிவாக வந்துவிட்டது. பாடசாலையில் மாணவர் ஒருவரை ஆசிரியர் காதில் அறைந்த வழக்கில் அது அந்த மாணவரின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. ஒரு டேகெயாரில் பிள்ளையை அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். ஆனால் அன்ரிக்குச் சட்டத்தை மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது. கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வரும் நேரம் எது என்று அவருக்கே தெரிய வேண்டும், அந்த நேரத்தில் "அக்கா, கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு நிமிடம் வெளியே போய் முகம் கழுவி வர அவருக்கு அனுமதி இருக்க வேண்டும். அதற்கு அறையில் இரண்டாவது ஆள் ஒருவர் இருக்க வேண்டும். தனி ஒருவராகப் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்திருப்பவருக்கு நான் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் அவரால் செய்ய முடியாது.

சரி, பயிற்சி எங்கே கிடைக்கும்? நாவலையில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகம் முன்பள்ளிக் கல்விக்கான சான்றிதழ்ப் பாடநெறியைத் தமிழிலும் நடத்துகிறது. தேசிய தொழில் தகைமை, அதுதான் எல்லோரும் என்விகியூ என்று சொல்வது, ஏழு மட்டங்களைக் கொண்டது, அதில் ஏற்கனவே வேலை தெரிந்தவர்களின் திறமையைச் செய்து காட்டச் சொல்லி மதிப்பிடும் வழியும் இருக்கிறது. படிப்பு பாதியில் நின்ற எத்தனையோ அக்காமார் இந்த வேலையில் பல வருடங்களாக இருக்கிறார்கள், அவர்கள் அந்த வழியை விசாரிக்க வேண்டும். காசு கட்டுவதற்கு முன்னால், பாடநெறி நடத்தும் நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா என்று பாருங்கள். மலையகத் தோட்டங்களில் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும், நாங்கள் பிள்ளை மடுவம் என்று சொன்ன இடங்களுக்கு, சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று ஒரு பதவியை வைத்து ஆட்களைப் பயிற்றுவித்து அனுப்பும் முறை பல காலமாக இருக்கிறது. அங்கிருந்து வந்து கொழும்பில் பிள்ளை பார்க்கும் பெண்கள் பலர். தோட்டத்தில் உள்ள அந்த எண்ணம் தலைநகரில் ஒரு தனியார் டேகெயார் முதலாளிக்கு வராமல் இருக்கக் காரணம் இல்லை.

ஆனால் சான்றிதழோடு முடித்துவிடாதீர்கள். மண்டபத்தில் அரை நாள் இருத்தி, திரையில் படம் போட்டுக் காட்டி, சாப்பாட்டுப் பார்சல் கொடுத்து அனுப்பும் செயலமர்வுகள் நிறைய நடக்கின்றன. அதில் கேட்டது திங்கட்கிழமைக் காலையில் பிள்ளை கத்தும்போது ஞாபகத்துக்கு வராது. பயிற்சி கொடுத்தவர் அடுத்த கிழமை அந்த நிலையத்துக்கே போய், பாயில் உட்கார்ந்து, அன்ரி பிள்ளையோடு இருப்பதைப் பார்த்து, பிள்ளைகள் நித்திரை கொள்ளும் நேரத்தில் "அந்த இடத்தில் நல்லாச் செய்தீங்க, இந்த இடத்தில் கொஞ்சம் பொறுத்திருந்தால் பிள்ளையே எடுத்திருக்கும்" என்று பேச வேண்டும். நீச்சலைக் கரையில் இருந்து படிக்க முடியாதே. அந்தப் பேச்சு தமிழில் நடக்க வேண்டும், ஆங்கிலச் சொற்களைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருவதால் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. அந்தப் பயிற்சி நாளுக்குச் சம்பளமும் வெட்டக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காசில் பஸ் ஏறி வந்து படிக்கச் சொல்வது நியாயமே இல்லை.

டேகெயார் நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனவரியில் புதுப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள், முதல் இரண்டு கிழமை அழுகைதான். டிசம்பரிலேயே எந்தப் பிள்ளை எந்த அன்ரியின் பொறுப்பு என்று பிரித்து எழுதிவையுங்கள், ஆளுக்கொரு கொப்பி வாங்கிக் கொடுங்கள், வெள்ளிக்கிழமை மதியம் பிள்ளைகள் நித்திரையில் இருக்கும்போது ஒரு மணித்தியாலம் அந்தக் கொப்பிகளை எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள், நீங்களும் அதில் இருங்கள். பெற்றோரே, ஜனவரியில் இடம் பார்க்கப் போகும்போது ஏசி இருக்கிறதா, சிசிரிவி இருக்கிறதா என்று கேட்பதோடு, "என் பிள்ளையைப் பார்க்கப் போவது யார், அவர் எங்கே பழகினவர், எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார், பிள்ளை கடித்தால் என்ன செய்வீர்கள்?" என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு முதலாளியைப் பதில் சொல்ல விடாமல், பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் அந்த அன்ரியிடமே கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.