விம் எடிற்றரில் இருந்து மடிப்போடு ஒரு வெப் பக்கம்

[திரையில்: விம்மில் திறந்த பைதன் கோப்பு, 200 வரி]

யாழ்ப்பாணத்தில உயர்தர ஐசிரி வகுப்பு எடுக்கிற ஆக்கள் பைதன் கோட்டை வாட்ஸ்அப் குழுவில போடேக்க, பிள்ளையள் அதைப் பார்க்கிறது போனில. 200 வரியையும் விரிச்சு விட்டால் எந்த ஃபங்ஷன் எங்க தொடங்குது எண்டு பிடிபடாது. பேர் மட்டும் தெரிஞ்சு, தொட்டால் உள்ளுக்கு இருக்கிறது விரிஞ்சால் நல்லம். விம் இதைச் செய்து தரும், ஆனா கேட்டால்தான்.

முதல்ல மடிப்பு. கோலன் போட்டு, செற் ஃபோல்ட்மெதட் சமன் இன்டென்ற். அதாவது வரி எவ்வளவு உள்ளுக்குத் தள்ளியிருக்கோ அதைப் பார்த்து மடி எண்டு சொல்லுறம். பைதனுக்கு இது நல்லாப் பொருந்தும்: ஃபங்ஷன் தொடங்கிற டெஃப் வரி வெளியில நிக்கும், உடல் மட்டும் மடியும்.

[திரையில்: ஒண்டும் மடியாத கோப்பு]

மடியேல்லையோ? ஷிஃப்ற்விட்தைப் பாருங்கோ, ஒரு மட்டத்துக்கு எத்தனை இடைவெளி எண்டு சொல்லுற அமைப்பு அது. விம்மின்ர இயல்பு அளவு 8. உங்கட கோட் 4 இடைவெளி உள்ளுக்குத் தள்ளியிருந்தால், 4ஐ 8ஆல வகுக்க முழு எண் 0, அதால முதல் மட்டம் மடியாது. செற் ஷிஃப்ற்விட்த் சமன் 4 எண்டு குடுங்கோ.

இன்னொரு வில்லங்கம் கொமென்ற், கோட்டுக்குள்ள எழுதிற விளக்கக் குறிப்பு. ஹாஷ் குறியில தொடங்கிற வரியை இந்த முறை கணக்கில எடுக்காது. மேல், கீழ் வரியளில எது குறைஞ்ச மட்டமோ அதைக் குடுத்துவிடும். டெஃப்புக்கு அடுத்த வரியில கொமென்ற் இருந்தால் அது மடிப்புக்கு வெளியில தனிய நிக்கும். செற் ஃபோல்டிக்னோர் சமன் எண்டு போட்டு, பிறகு ஒண்டும் எழுதாமல் என்ரர் தட்டுங்கோ.

இனித்தான் முக்கியமான வரி.

[திரையில்: லெற் ஜி கோலன் எச்ரிஎம்எல் அண்டர்ஸ்கோர் டைனமிக் அண்டர்ஸ்கோர் ஃபோல்ட்ஸ் சமன் 1]

இதைப் போடாமல் மடிச்ச கோப்பை வெப் பக்கமா ஏற்றுமதி செய்தால், மூடியிருந்த பகுதி பக்கத்தில ஒளிஞ்சிருக்காது, இல்லவே இல்லை. "இத்தனை வரி" எண்ட ஒரு கோடு மட்டும் மிஞ்சும். கன பேர் இதைக் கவனிக்கிறது கோப்பு மாணவரிட்டப் போனாப் பிறகு.

இப்ப இசட், பெரிய எம் தட்டுங்கோ, எல்லாம் மூடும். ஏற்றுமதி நேரம் எது மூடியிருக்கோ அதுதான் பக்கத்திலயும் மூடித் தொடங்கும். பிறகு கோலன், ரூ எச்ரிஎம்எல் எண்டு அடிச்சு, வாற புது ஜன்னலைச் சேமியுங்கோ. விம்மில இருந்து பிரிஞ்சு வந்த நியோவிம் வைச்சிருக்கிற ஆக்கள் கவனம்: 0.10 பதிப்பில இந்தக் கட்டளையை லூவா மொழியில திருப்பி எழுதேக்க கன தெரிவுகளை எடுத்துப்போட்டினம். இதுக்கு சாதாரண விம்மே போதும்.

[திரையில்: பிறவுசர், இடப்பக்க பிளஸ் குறி]

இடப்பக்க பிளஸ்ஸைத் தொட்டால் விரியும். அதுக்குரிய ஜாவாஸ்கிரிப்ற் கோப்புக்குள்ளயே இருக்கு. இணையம் இல்லாட்டிலும் ஓடும். போனில வாற சின்ன வியூவர் சிலது ஸ்கிரிப்ற்றை விடாது, அப்ப குரோமில திறக்கச் சொல்லுங்கோ. சுட்டியை மேல கொண்டுபோனால் விரியிற ஹோவர் தெரிவும் இருக்கு, ஆனா தொடுதிரைக்கு அது சரிவராது.

மூடின பகுதியை பிறவுசர்த் தேடல் கண்டுபிடிக்காது, அச்சிலயும் வராது. பிறிண்ட் எடுக்கப் போறதெண்டால் இசட், பெரிய ஆர் தட்டி எல்லாத்தையும் திறந்திட்டு இன்னொரு பிரதி ஏற்றுமதி செய்யுங்கோ.

பயிற்சி விடையளை மடிப்புக்குள்ள ஒளிச்சு அனுப்பவேண்டாம். பக்கத்தின்ர மூலத்தைத் திறந்தால் முழுக்கத் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளையள் முதல்ல பார்க்கிறதும் அதைத்தான். விடைக்கு வேற கோப்பு வைச்சிருங்கோ.